ஏழு வயதில் விடுதிக்குப் போனவன் நாற்பதில் மனநல ஆலோசனைக்குப் போகலாமா?

பாம்பன்காரன்:

தலைப்பைப் பார்த்துச் சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளலாம். சென்ற ஆண்டு வேறு யாராவது இதைக் கேட்டிருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

சொந்த ஊர் பாம்பன். அப்பாவுக்கு ஒரு விசைப்படகில் பங்கு இருந்தது. 1992 ஜூனில், இரண்டாம் வகுப்பு முடித்த கையோடு, என்னை மலையடிவாரத்தில் ஒரு விடுதிப் பள்ளியில் சேர்த்தார்கள். பள்ளியின் பெயர் வேண்டாம். பன்னிரண்டாம் வகுப்பு வரை அங்கேதான். அந்த ஆண்டுகளில் இந்தக் கரையில் இருந்தவர்களுக்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. அக்கரையில் போர், நடுக்கடலில் துப்பாக்கிச் சூடு, மண்டபம் முகாமில் அகதிகள் கூட்டம். கடலுக்குப் போன ஆள் கரையேறினால்தான் நிச்சயம். "என் மகன் வலையைத் தொடக் கூடாது" என்பது அப்பாவின் வைராக்கியம். தொடவில்லை. படித்தேன், இராமநாதபுரத்தில் அரசு வேலையில் இருக்கிறேன், வீடு கட்டிவிட்டேன். அப்பா செய்தது வீண்போகவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் பதில் எழுதுகிறவர்கள் அங்கிருந்துதான் தொடங்குவார்கள்.

பெரிய கொடுமை எதுவும் நடக்கவில்லை. அடி விழுந்தது, எல்லோருக்கும் விழுந்த அளவுதான். உடுப்புகளில் அம்மா சிவப்பு நூலால் 63 என்று தைத்துக் கொடுத்திருந்தாள். வார்டனுக்கு நான் அறுபத்து மூன்று. நெத்திலிக் கருவாட்டை வறுத்துப் பொடித்து, ஹார்லிக்ஸ் பாட்டிலில் அடைத்து, பழைய துண்டில் சுற்றித் தகரப்பெட்டியின் அடியில் வைத்திருந்தாள். மலைப்பக்கத்துப் பையன்கள் மூடியைத் திறந்தார்கள். அன்றிலிருந்து பள்ளி முடியும்வரை என் பெயர் கருவாடு. அடுத்த விடுமுறையில் எனக்குக் கருவாடு பிடிக்காது என்று அம்மாவிடம் சொன்னேன். இன்றுவரை நம்புகிறாள். என் வீட்டுக்கு வந்து தங்கினால் கருவாட்டுக் குழம்பே வைப்பதில்லை, எனக்கு வாடை ஆகாதாம்.

சனிக்கிழமை கடிதம் எழுதும் நாள். கரும்பலகையில் எழுதிப் போட்டிருப்பார்கள்: நான் இங்கு நலம், தங்கள் நலம் அறிய ஆவல், நன்றாகப் படிக்கிறேன். உறையை ஒட்டாமல் கொடுக்க வேண்டும்.

அப்பா எப்போது வருவார் என்பது கடலைப் பொறுத்தது. படகு போகாத நாட்களில்தான் வர முடியும். சாப்பாட்டுக் கூடத்தில் ஒரு செய்தித்தாள் கிடக்கும். எழுத்துக்கூட்டிப் படிக்க வந்த நாளிலிருந்து நான் அதில் தேடியது ஒரே செய்தியைத்தான்: பாம்பன் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டது. கூண்டு ஏறினால் படகு போகாது, படகு போகாவிட்டால் அப்பா பஸ் ஏறக்கூடும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் இரவு ஜெபத்தில் மற்ற பையன்கள் பரீட்சைக்காக வேண்டிக்கொள்ள, நான் புயலுக்காக வேண்டிக்கொள்வேன். அதே தாளில்தான் மீனவர் மீது துப்பாக்கிச் சூடு என்ற செய்தியும் வரும். இறந்தவரின் பெயர் போடாத நாட்களில், வீட்டுக் கடிதம் வரும்வரை சோறு இறங்காது. யாரிடமும் சொன்னதில்லை. இப்போதும் வங்கக்கடலில் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் என்று வானொலியில் கேட்டால், அண்டை வீட்டார் ஓடு பறக்குமோ என்று கவலைப்பட, எனக்கு வயிற்றுக்குள் ஒரு குறுகுறுப்பு. அப்பா இறந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன.

அவர் இறந்தபோது நான் அழவில்லை. பந்தல், பெட்டி, கோவில், கல்லறை, வந்தவர்களுக்குச் சாப்பாடு என்று எல்லாவற்றையும் பிசகாமல் பார்த்துக்கொண்டேன். மூத்த மகன் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று சொந்தக்காரர்கள் மெச்சினார்கள். என் மனைவி மட்டும் அன்றிரவு என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள்.

மற்றபடி அவளுடைய புகார்கள் இவை. காய்ச்சல் வந்தால் கதவைச் சாத்திக்கொள்கிறேன். தட்டைப் பார்த்தபடி ஐந்து நிமிடத்தில் சாப்பிட்டு எழுந்துவிடுகிறேன். மகள் அழுதால் எனக்கு இரக்கம் வருவதற்குப் பதிலாகக் கோபம் வருகிறது. இந்த மூன்றாவதுதான் என்னை உறுத்துகிறது. "அழுகையை நிறுத்து" என்று நான் சொல்லும் தொனி என்னுடையதே இல்லை, அது யாருடையது என்று எனக்குத் தெரியும்.

மகளுக்கு இப்போது ஏழு வயது. மைத்துனர் அக்கறையோடு ஒரு நல்ல விடுதிப் பள்ளியின் விண்ணப்பத்தை வாங்கி வந்து கொடுத்தார். நிரப்ப உட்கார்ந்தேன். பிறந்த தேதிவரை எழுதியவன் பேனாவை மூடிவிட்டு மொட்டை மாடிக்குப் போய்த் தண்ணீர்த் தொட்டியைக் கழுவ ஆரம்பித்தேன், இரவு பத்து மணிக்கு. அப்போதுதான் மனைவி சொன்னாள், யாரையாவது போய்ப் பாருங்கள் என்று.

இது உண்மையிலேயே ஒரு பிரச்சினைதானா, அல்லது வசதி வந்தபின் வரும் கொழுப்பா? முப்பது ஆண்டுகளுக்கு முன் நடந்ததைப் பேசினால் இப்போது என்ன மாறும்? மனநல மருத்துவரா, ஆலோசகரா, மாத்திரை தருவார்களா? எங்கள் பக்கத்தில் இந்தப் பேச்சை எடுத்தாலே, மனநோயாளிகளைக் கொண்டுபோய் விடும் ஊரைச் சொல்லி, "ஏர்வாடிக்கா?" என்று கேட்பார்கள். இன்னொன்றும் இருக்கிறது. அம்மா உயிரோடு இருக்கும்போது ஒரு அந்நியரிடம் உட்கார்ந்து அவளைக் குறை சொல்வது சரியா?

தொண்டி வாத்தியார்:

தம்பி, நானும் விடுதியில் படித்தவன்தான். பிறகு விடுதிக் காப்பாளராகவும் இருந்தேன். ஓய்வு பெற்றுவிட்டதால் மனதில் பட்டதைச் சொல்கிறேன்.

இந்தக் கரையில் மீனவர் வீட்டுப் பிள்ளைகள் பட்டதாரி ஆனதற்கு விடுதிகள்தான் காரணம். மாலை ஆறு மணிக்கு விளக்கு, ஏழு மணிக்குப் படிப்பு, எட்டு மணிக்குச் சோறு. உங்கள் வீட்டில் அன்று மின்சாரம் இருந்ததா? பையனை வீட்டில் வைத்திருந்தால் எட்டாம் வகுப்பில் மீன்பிடி வத்தையில் ஏறியிருப்பான். வேகமாகச் சாப்பிடுவதும் அழாமல் காரியம் பார்ப்பதும் நோய் என்றால், ராணுவத்தில் இருப்பவன் எல்லாம் நோயாளியா? பிள்ளைகளுக்கு முதலில் கொஞ்சம் கஷ்டம் இருக்கும், பிறகு பழகிவிடும். ஜூன் மாதத்தில் காலையில் விடுதிச் சுவரில் காயும் பாய்களை எண்ணினால், இரவில் பாயை நனைத்த புதுப் பையன்கள் எத்தனை பேர் என்று தெரிந்துவிடும். ஆகஸ்டு வந்தால் சுவர் காலி. என் அனுபவத்தில் ஒரு ஆண்டுகூட இது தவறியதில்லை.

ஆலோசனைக்குப் போவது உங்கள் விருப்பம். அப்பாவின் உழைப்பைக் கேள்வி கேட்கும் இடமாக மட்டும் அதை ஆக்கிவிடாதீர்கள்.

கீழக்கரை மருமகள்:

வாத்தியார் ஐயா, சுவர் காலியானதைப் பார்த்தீர்கள். அந்தப் பையன்களில் ஒருவரைக் கட்டிக்கொண்டு வாழ்வது எப்படி என்று நான் சொல்கிறேன்.

என் வீட்டுக்காரருடைய வாப்பா சவூதியில் இருந்தார், உம்மா நோயாளி. ஆறு வயதில் விடுதி. இப்போது இவர் துபாயில் வேலை பார்க்கிறார், ஆண்டுக்கு ஒரு முறை விடுப்பில் வருகிறார். வந்த அன்றே பெட்டியைப் பிரித்து அடுக்கமாட்டார். துணி பெட்டியிலிருந்து வரும், பெட்டிக்கே திரும்பும். ஊருக்குப் போவதற்கு இரண்டு நாள் முன்பு தவறாமல் ஒரு சண்டை. உப்பு கூட, சாவி காணவில்லை, பிள்ளை சத்தம் போடுகிறான், ஏதோ ஒன்று. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு விமானம் ஏறுவார். போய் இறங்கி மறுநாள் தேனாகப் பேசுவார். கல்யாணமான புதிதில் என் மேல்தான் ஏதோ குறை என்று அழுதுகொண்டிருந்தேன். எனக்குப் புரிய வெகுகாலம் பிடித்தது: சண்டை போட்டுவிட்டுப் பிரிந்தால் பிரிவு வலிக்காது.

மாமி தொதல் இனிப்பு கிண்டிக் கொடுத்தால் சதுரம் சதுரமாக, அளவு பிசகாமல் வெட்டுவார். பிள்ளைகளுக்கு எண்ணிக் கொடுப்பார். தன் பங்கை நின்றுகொண்டே தின்றுவிடுவார், உட்கார்ந்தால் யாரோ பிடுங்கிவிடுவார்கள் என்பது போல. நாங்கள் சிரிப்போம். அவரும் சிரிப்பார், ஆனால் உட்காரமாட்டார்.

பாம்பன் அண்ணன், நீங்கள் போங்கள். உங்கள் மனைவியும் ஒன்றிரண்டு முறை கூட வரட்டும். நாங்கள் இருவரும் காணொளி வழியாக ஒரு ஆலோசகரிடம் பேசி வருகிறோம். இந்த முறையும் சண்டை வந்தது. ஆனால் நடுவிலேயே நிறுத்திவிட்டு, "நான் போக வேண்டியிருக்கிறது அல்லவா" என்றார். அதுவே எனக்குப் பெரிய விஷயம்.

மருத்துவ உளவியலாளர், மதுரை:

நேரில் பார்க்காமல் யாருக்கும் எதையும் உறுதி சொல்ல முடியாது. பொதுவாகத் தெரிந்ததை மட்டும் சொல்கிறேன்.

முதலில் வாத்தியார் ஐயாவின் பாய்கள். 1950களில் லண்டனில் ஜேம்ஸ் ராபர்ட்சன், ஜான் பௌல்பி இருவரும், பெற்றோரைப் பிரித்து மருத்துவமனையில் வைக்கப்பட்ட சின்னஞ்சிறு குழந்தைகளைக் கவனித்தார்கள். குழந்தை முதலில் அழுது எதிர்க்கிறது, பிறகு நம்பிக்கையிழந்து ஒடுங்குகிறது, அதன்பின் எதுவும் நடக்காதது போல அமைதியாகிவிடுகிறது. மூன்றாவது நிலையைத்தான் செவிலியர்கள் "பழகிவிட்டது" என்று எடுத்துக்கொண்டார்கள். தாய் வந்தபோது அந்தக் குழந்தை அவளிடம் போகவில்லை. ஏழு வயதுப் பையனுக்கு அவ்வளவு தீவிரமாக நடக்க வேண்டியதில்லை, ஆனால் காலியான சுவருக்கு இரண்டு பொருள் உண்டு என்பதை ஐயா ஏற்றுக்கொள்வார் என்று நினைக்கிறேன்.

பிரிட்டனில் வசதியான குடும்பங்கள் ஏழு, எட்டு வயதிலேயே பிள்ளைகளை விடுதிப் பள்ளிக்கு அனுப்புவது நெடுங்கால வழக்கம். அப்படிப் போய் வளர்ந்தவர்களிடம் திரும்பத் திரும்பக் கண்டதைத் தொகுத்து, ஜாய் ஷாவேரியன் என்ற உளப்பகுப்பாய்வாளர் 2011இல் ஓர் ஆய்விதழில் "விடுதிப்பள்ளி நோய்க்குறி" என்று பெயரிட்டு எழுதினார். நெருக்கத்தில் சங்கடம், உதவி கேட்கத் தயக்கம், உணர்ச்சியை மூடிவைத்துக்கொண்டு வேலையில் கெட்டிக்காரராக இருப்பது, உள்ளே எப்போதும் ஒரு வீட்டு ஏக்கம். இது அதிகாரபூர்வமான நோய்ப் பட்டியல் எதிலும் இல்லை. விடுதியில் படித்த எல்லோருக்கும் வருவதும் இல்லை. போன வயது, அங்கே அன்பாக ஒருவராவது இருந்தாரா, வீட்டோடு தொடர்பு எப்படி இருந்தது, இவற்றைப் பொறுத்தது. அங்கே அந்தஸ்துக்காக அனுப்பினார்கள், உங்கள் அப்பா உயிர் பிழைக்கட்டும் என்று அனுப்பினார். இந்த வேறுபாடு சிறியதல்ல. ஆனால் புயலுக்காக ஜெபித்த பையனுக்கு இரவில் அது எவ்வளவு உதவியிருக்கும்?

தன் பிள்ளை தான் அனுப்பப்பட்ட வயதைத் தொடும்போது பழையது கிளம்புவது நாங்கள் அடிக்கடி பார்ப்பது. பேச்சுவழிச் சிகிச்சையில் பெற்றோருக்குத் தீர்ப்பு எழுதமாட்டோம். அப்பா செய்தது சரியாக இருந்திருக்கலாம், அது உங்களுக்கு வலித்தும் இருக்கலாம். இந்த இரண்டையும் ஒன்றாகச் சொல்லக்கூடிய இடமாக அது இருந்தால் போதும். மாத்திரை எல்லோருக்கும் தேவைப்படாது. தூக்கமின்மை, கடும் மனச்சோர்வு, பதற்றம் இருந்தால் மனநல மருத்துவர் அதை முடிவு செய்வார். ஆலோசகரைத் தேர்ந்தெடுக்கும்போது, மருத்துவ உளவியலாளர் என்று சொல்லிக்கொள்பவர் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்தவரா என்று கேளுங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம், நானே பதிவு எண்ணைச் சுவரில் மாட்டியிருக்கிறேன்.

ஏர்வாடி என்று கேலி செய்பவர்களுக்கு ஒன்று. 2001 ஆகஸ்டு 6 அன்று அங்கே ஒரு தனியார் காப்பகத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் தப்ப முடியாமல் 28 பேர் இறந்தார்கள். கேலிக்குரிய பெயர் அல்ல அது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் சங்கிலியிடுவதைத் தடை செய்கிறது. சிகிச்சை விவரங்கள் வெளியே போகக் கூடாது என்ற உரிமையையும் அதே சட்டம் தருகிறது. நீங்கள் வந்து போனதை உங்கள் அலுவலகத்துக்கு யாரும் சொல்ல முடியாது.

சாயல்குடி செவிலி:

நான் கன்னியர் நடத்திய விடுதியில் வளர்ந்தவள். ஆலோசனைக்குப் போய் முடித்தும்விட்டேன், அதனால் உள்ளே என்ன நடக்கும் என்று சொல்கிறேன்.

முதல் சில மாதங்கள் வார்டில் பணி ஒப்படைக்கும் தொனியில் பேசிக்கொண்டிருந்தேன். நோயாளி பெயர், வயது, நடந்தது, முடிந்தது. ஆலோசகர் ஒருநாள் கேட்டார்: "உங்கள் அம்மா வாசலைத் தாண்டிப் போகும்போது உங்கள் கை எங்கே இருந்தது?" எனக்கு உடனே தெரிந்தது. வாசல் கம்பியில். கம்பியின் துரு, உள்ளங்கையில் அதன் வாடை, எல்லாம். அன்று முழு நேரமும் பேசவே இல்லை.

பிறகு அவர் இரண்டு வாரம் விடுப்பு என்றார். வீட்டுக்கு வந்ததும் செய்தி அனுப்பினேன்: "எனக்கு முழுவதும் குணமாகிவிட்டது, மிக்க நன்றி." அவர் பதிலுக்கு, விடுப்பு முடிந்து வரும் முதல் செவ்வாய்க்கிழமை உங்களுக்கான நேரம் காலியாகவே இருக்கும் என்று எழுதினார். போனேன். பாம்பன் அண்ணனுக்கும் இப்படி ஒரு நாள் வரும், அன்று நின்றுவிடாதீர்கள்.

அம்மாவைக் குறை சொல்வது பற்றிக் கேட்டீர்கள். வார்டன் படிக்காத கடிதம் ஒன்றை, எட்டு வயதுப் பெண்ணாக இருந்து எழுதச் சொன்னார். அனுப்புவதற்கு அல்ல. அதில் ஓரிடத்தில்கூட அம்மாவைத் திட்டவில்லை. முக்கால்வாசியும் சாப்பாட்டைப் பற்றி இருந்தது.

பாம்பன்காரன்:

எல்லோருக்கும் நன்றி. வாத்தியார் ஐயா, உங்களைப் போன்ற ஒருவர் அங்கே எனக்கும் காப்பாளராக இருந்தார், கணக்கு நன்றாகச் சொல்லித்தருவார். எங்கள் வீட்டில் மின்சாரம் இருந்தது. ஆனால் மற்றபடி நீங்கள் சொன்னதை நான் மறுக்கவில்லை. வீட்டில் இருந்திருந்தால் படித்திருப்பேனா என்பது எனக்கே சந்தேகம்தான்.

விண்ணப்பத்தை மைத்துனரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன். "பொம்பளைப் பிள்ளை என்பதாலா?" என்று கேட்டார். இல்லை என்றேன். அதன்பின் அவர் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு மனைவிதான் அண்ணனிடம் எதையோ சொல்லிச் சமாளித்திருக்கிறாள்.

அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலிமானஸ் எண் 14416க்கு அழைத்துப் பார்த்தேன். தமிழிலேயே பேசினார்கள், கட்டணம் இல்லை. "விடுதிப் பிரச்சினை" என்று ஆரம்பித்தவுடன் அந்தப் பெண், உங்கள் பிள்ளைக்கா சார் என்று கேட்டார். எனக்குத்தான் என்றேன். ஒரு கணம் தயங்கினாலும் நன்றாகவே கேட்டுக்கொண்டார். இராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது, அங்கே முதலில் பாருங்கள் என்றார். ஆனால் அங்கே புறநோயாளிகள் வரிசையில் என் அலுவலகத்தார் யாராவது கட்டாயம் நிற்பார்கள். மதுரைக்கு வாரம் ஒருமுறை போய்வர ஒரு நாள் விடுப்பு போய்விடும். காணொளி என்றால் வீட்டில் பேச முடியாது, அம்மா இப்போது எங்களோடு இருக்கிறாள், காது கூர்மை. என்ன செய்வது?

மருத்துவ உளவியலாளர், மதுரை:

முதல் இரண்டு மூன்று சந்திப்பை நேரில் வைத்துக்கொண்டு, பிறகு காணொளிக்கு மாறலாம். பலரும் அப்படித்தான் செய்கிறார்கள். சனிக்கிழமை மாலை நேரம் கொடுக்கும் ஆலோசகர்கள் மதுரையில் உண்டு. கட்டணம், நேரம், வராவிட்டால் எப்படி என்பதை எல்லாம் தொடங்கும்போதே கேட்டுவிடுங்கள். ஒருவரிடம் இரண்டு மூன்று முறை போயும் மனம் ஒட்டவில்லை என்றால் வேறொருவரிடம் மாறலாம், யாரும் கோபித்துக்கொள்ளமாட்டார்கள். அலுவலகத்தார் கண்ணில் பட்டால், தூக்கம் வரவில்லை என்று சொல்லுங்கள். பாதிப் பேர் தங்களுக்கும் வரவில்லை என்பார்கள்.

தொண்டி வாத்தியார்:

பெண் பிள்ளையை அனுப்பாதது சரி, ஏழு வயது சின்ன வயதுதான். பத்தாம் வகுப்பு முடிந்த பிறகு யோசிக்கலாம். அப்போதும் விடுதியே கூடாது என்று நிற்காதீர்கள்.

கீழக்கரை மருமகள்:

அண்ணன், காரில் உட்கார்ந்து பேசுங்கள். என் வீட்டுக்காரர் ஊருக்கு வந்தால் அப்படித்தான். காரைக் கடற்கரைப் பக்கம் நிறுத்திவிட்டு, கண்ணாடியை ஏற்றிவிட்டு, ஏசியைப் போட்டுக்கொள்வார். வெளியே ஒரு சத்தமும் கேட்காது. மாமி கேட்டால் காற்று வாங்கப் போயிருக்கிறார் என்று சொல்லிவிடுவேன். பெட்ரோல்தான் கொஞ்சம் தின்னும்.